வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே

எங்கள் பழைய மாணவன் ஒருவன் வேகத்துக்காக மோட்டார் சைக்கிளில் வேறு கேம்ஷாப்டைப் பூட்டினான். அளந்து பார்க்கவில்லை. முதல் நாளே வால்வு வளைந்தது. அவன் தகப்பனார் பால்மரக் காட்டுக்கு நடந்தே போனார்.

அத்தகைய கேம் வால்வை அதிக ஆழம் தள்ளும். அதிக நேரம் திறந்தும் வைக்கும். புகை வெளியேறிப் புதுக்காற்று நுழையும் வேளையில் பிஸ்டன் உச்சியில் இருக்கும், இரண்டு வால்வும் சற்றே திறந்திருக்கும். மோதல் அங்கேதான்.

சோதிக்க நம் வகுப்பறைப் பிளாஸ்டிசினே போதும். பிஸ்டன் தலையில் வால்வு இறங்கும் இடத்தில் அதை ஒட்டுங்கள். வால்வு முகத்தில் எண்ணெய் தடவுங்கள். இல்லையேல் பிளாஸ்டிசின் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கேஸ்கட்டுடன் ஹெட்டை முறுக்கி, கேம் குறிகளைச் சேர்த்து, டேப்பட் இடைவெளியும் வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். கையால் என்றோம், கிக்கரை மிதிக்காதீர்கள். தடுத்தால் நிறுத்திவிடுங்கள்.

பிறகு ஹெட்டைக் கழற்றி, பிளாஸ்டிசினைப் பிளேடால் வெட்டி, மிக மெல்லிய இடத்தை அளக்கவேண்டும். காற்று வால்வுக்கு 2 மில்லிமீட்டர், புகை வால்வுக்கு 2.5 மில்லிமீட்டர் என்பது கார்ப் பட்டறைகளின் பொதுக் கணக்கு. புகை வால்வு சூட்டில் அதிகம் நீளும். சிறிய எஞ்சினுக்குக் கேம் செய்தவர் தரும் அளவே அளவு. அது குறைந்தால், பிஸ்டன் தலையில் பள்ளத்தை ஆழப்படுத்தக் கடைசல் பட்டறைக்குத்தான் போகவேண்டும்.