ஆனதோத் நிலத்தின் கிரயப் பத்திரம்



வாக்குத்தத்தத்தில் உண்மையுள்ள தேவனை நம்புவது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டீர்கள். ஆபிரகாமிலிருந்து தொடங்கினால் பொழுது விடிந்துவிடும். எனவே எரேமியா 32-ஆம் அதிகாரத்தில் வரும் ஒரே ஒரு நிலக் கிரயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1. விலைக்கு வந்த நிலம்

சிதேக்கியா அரசனின் பத்தாம் ஆண்டு. பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. மதிலுக்கு வெளியே மண்மேடுகள் எழும்பிவிட்டன. உள்ளே பஞ்சமும் கொள்ளைநோயும். நகரம் விழப்போகிறது என்று சொன்ன குற்றத்துக்காக எரேமியா காவற்சாலை முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அங்கே அவருடைய பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் உள்ள தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். லேவியராகமம் 25-இன்படி, வறுமையால் கைமாறும் நிலத்தை மீட்கும் உரிமை நெருங்கிய உறவினருக்கு உண்டு.

ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே, நடந்தே போகும் தூரத்தில் உள்ள ஊர். எரேமியா பிறந்த ஊரும் அதுதான். அவரைக் கொல்லச் சதி செய்தவர்களும் அவ்வூர்க்காரர்களே என்று 11-ஆம் அதிகாரம் சொல்கிறது. எதிரிப் படையின் பிடியில் இருக்கும் நிலம், உயிருக்கு உலை வைத்தவர்களின் ஊர், வாங்குபவரோ கைதி. நம் ஊர் வழக்கறிஞர் யாரிடமாவது கேட்டிருந்தால், வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள் என்றிருப்பார்.

எரேமியா வாங்கினார்.

2. சாட்சியும் முத்திரையும்

விலை 17 சேக்கல் வெள்ளி. இன்றைய நிறையில் ஏறத்தாழ 190 கிராம். நாணயம் புழங்காத காலம் என்பதால் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். சாட்சிகள் கையொப்பமிடுகிறார்கள். முத்திரையிட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று. இரண்டையும் நேரியாவின் மகன் பாருக் வாங்கி, நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கிறார்.

முத்திரையிட்ட பகுதி, எவரும் படிக்கத் திறந்த பகுதி என எழுதும் முறை யூதரிடையே பல நூற்றாண்டுகள் நீடித்தது. சாக்கடல் அருகே ஒரு குகையில் 1961-இல் கிடைத்த பாபத்தா என்ற பெண்ணின் சொத்து ஆவணங்களில் அதைக் காணலாம்.

பிரசங்கத்தில் நாம் தாண்டிப் போகிற இந்த விவரங்களை வேதம் நிதானமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சைத் தோட்டங்களும் வாங்கப்படும் என்பதே தேவன் தந்த வாக்கு. அதை நம்புகிறவர் பாடிக்கொண்டிருந்தால் போதாது; வெள்ளியை நிறுத்துக் கொடுக்க வேண்டும்.

3. கேள்வி பிறகு வந்தது

பத்திரம் முடிந்த பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தின் முடிவில் ஒரு திகைப்பு இருக்கிறது: நகரமே எதிரியின் கைக்குப் போகும்போது, நிலம் வாங்கச் சொன்னீரே! விசுவாசி என்றால் கேள்வியே எழாதவர் என்று நினைக்கிறோம். எரேமியாவுக்குக் கேள்வி இருந்தது. ஆனால் கீழ்ப்படிவதற்கு முன்பே பதிலைக் கேட்டு அவர் அடம்பிடிக்கவில்லை. தேவனும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. நகரம் விழும், மக்கள் திரும்புவார்கள் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். வாக்குத்தத்தம் தண்டனையை ரத்து செய்யவில்லை. அதைக் கடந்து நின்றது.

4. இரண்டு ஆண்டா, எழுபது ஆண்டா?

இந்த நிலக் கிரயத்துக்கு முன்பே அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டுகளில் பாபிலோனின் நுகம் முறியும் என்று ஆலயத்தில் அறிவித்திருந்தான். அவன் தேவனுடைய பெயரால் பொய் சொன்னான். எரேமியாவோ பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்குக் கடிதம் எழுதினார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்யுங்கள், எழுபது ஆண்டு ஆகும்.

புத்தாண்டு ஆராதனையில் நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி வரும். அது இந்தக் கடிதத்தின் வரி. எழுபது ஆண்டு என்பது அதற்கு முந்தைய வசனத்தில் இருக்கிறது. அதை அட்டையில் யாரும் அச்சிடுவதில்லை.

5. அனுபவித்தவர் யார்?

எரேமியா அந்த நிலத்தில் ஒரு நாள் உழுததாகக்கூட வேதம் சொல்லவில்லை. எருசலேம் விழுந்தபின் தப்பிப் பிழைத்தவர்கள் அவரை எகிப்துக்கு இழுத்துச் சென்றார்கள். கி.மு. 539-இல் பாபிலோன் பாரசீக அரசன் கோரேசிடம் வீழ்ந்தது. அதன்பின் நாடு திரும்பியவர்களின் பட்டியலை எஸ்றா 2-ஆம் அதிகாரம் தருகிறது. அதில் ஆனதோத்தின் மனிதர் 128 பேர். தீர்க்கதரிசியைக் கொல்லப் பார்த்த ஊருக்கும் வாக்கு நிறைவேறியது. தேவனுடைய உண்மை மனிதரின் தகுதியைப் பொறுத்ததல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய உடன்படிக்கை பற்றிய வாக்கு இருப்பது நிலக் கிரயத்துக்கு முந்தைய 31-ஆம் அதிகாரத்தில். லூக்கா 22-இன்படி கடைசி இராப்போஜனத்தில் இயேசு பாத்திரத்தை எடுத்தபோது, அந்த உடன்படிக்கையைத் தம் இரத்தத்தோடு இணைத்தார். தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவில் உறுதியாகின்றன என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் இந்த நம்பிக்கையில்தான். ஒவ்வொரு திருவிருந்திலும் நாம் எரேமியாவின் காலத்து வாக்கு ஒன்றில் பங்குபெறுகிறோம்.

எனவே, நாளை பிரசங்க பீடம் ஏறப்போகும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது: வாக்குத்தத்தத்தைப் பிரசங்கிக்கும்போது அதன் தவணையையும் விலையையும் மறைக்காதீர்கள். இரண்டு ஆண்டு என்று சொன்னால் கூட்டம் சேரும். எழுபது ஆண்டு என்பது உண்மையானால் அதையே சொல்லுங்கள். உங்கள் காலத்தில் பலன் காணாத நற்பணிக்கும் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கச் சபையாரைப் பழக்குங்கள்.