டிக்கியில இடம் இருக்கா?

2022 ஏப்ரல்ல சென்னையில பெட்ரோல் 110 ரூபாய் 85 காசு. அப்புறம் வரி குறைச்சாங்க, ஆனாலும் நூறுக்குக் கீழ இறங்கல. அதனால கார் வாங்கணும்னு கிளம்பினப்போ என் முடிவு ரெடி: சிஎன்ஜி.

எக்செல் போட்டேன். கம்பெனி சொல்ற மைலேஜ் இல்ல. எண்ணூர் ரோட்டுல கண்டெய்னர் லாரிங்க பின்னாடி நின்னு நின்னு போற மைலேஜ். பெட்ரோல் லிட்டருக்கு 14, சிஎன்ஜி கிலோவுக்கு 20. லிட்டர் 101, கிலோ 90 ரூபாய்னு வச்சுக்கிட்டா, மாசம் 600 கிலோமீட்டருக்கு சுமார் 1,600 ரூபாய் மிச்சம். கூடுதலா கொடுக்கிற 90 ஆயிரத்தை எடுக்க நாலரை வருஷத்துக்கு மேல ஆகும். ஆனா ஆபீசுக்கு நான் விம்கோ நகர்ல மெட்ரோ ஏறுறவன். கார் ஓடப்போறது 200தான். அப்போ பதினாலு வருஷம்!

அந்த 200-ம் அப்பாவை ஸ்டான்லிக்குக் கூட்டிட்டுப் போக. ஷோரூம்ல டிக்கியைத் திறந்தேன், முழுக்க சிலிண்டர். வீல்சேரை மடிச்சாலும் இடமில்ல. (அடியில ரெட்டைச் சிலிண்டர் வர்ற வண்டி நம்ம பட்ஜெட்ல இல்ல.)

ஆறு வருஷம் ஓடின பெட்ரோல் வண்டி ஒண்ணு வாங்கினேன். அப்பா முப்பது வருஷம் டிரெய்லர் ஓட்டினவர். முன் சீட்ல இருந்து, "கிளட்ச்ல இருந்து காலை எடுடா, டீசல் குடிக்கும்"ங்கிறார்.

"பெட்ரோல்ப்பா."