வீட்டுக் கூரையும் வெயிலின் வருவாயும்

(தோவாளையில் நமது சங்கத்தார் கூடிய கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



கலியாணச் சிக்கனத்தைக் குறித்தும் பிள்ளைகளின் கல்வியைக் குறித்தும் இச்சங்கத்திற் பலமுறை கேட்டிருக்கின்றீர்கள். இன்று, வீட்டுக் கூரைமேற் சூரிய மின்தகடு வைத்தலின் வரவு செலவைப் பற்றிப் பேச எண்ணுகின்றோம். இதுவும் குடும்பம் கடன்படாதிருப்பதைச் சேர்ந்த பொருளே.

இயற்கையினின்று மின்சாரம் எடுப்பது நம் பக்கத்திற்குப் புதிதன்று. ஆரல்வாய்மொழிக் கணவாயிற் புகுந்து வரும் காற்று முப்பந்தலிற் காற்றாலைகளைச் சுழற்றுதலை நாம் நாடோறும் காண்கின்றோம். ஆனால் காற்றாலை வைக்கப் பெருமுதல் வேண்டும். வெயிலோ, சொந்தக் கூரையுள்ள எவர்க்கும் பொது.

இனிக் கணக்கிற்கு வருவோம். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்திய அரசாங்கத்தார் 'பிரதம மந்திரி சூரிய கர்' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். ஒரு கோடி வீடுகளைக் கருதி, 75,021 கோடி ரூபாய் மதிப்பில், 2026-27 நிதியாண்டு வரைக்கும் அது வகுக்கப்பட்டது. அதன்படி ஒரு கிலோவாட்டிற்கு 30,000 ரூபாயும், இரண்டிற்கு 60,000 ரூபாயும், மூன்றும் அதற்கு மேலும் ஆயின் 78,000 ரூபாயும் மானியம். அரசாங்கத்தார் கொண்ட அடிப்படை விலை முதல் இரண்டு கிலோவாட்டிற்குத் தலா 50,000, மூன்றாவதற்கு 45,000. ஆகவே மூன்று கிலோவாட்டிற்கு 1,45,000 ரூபாய். மானியம் போக, நம் கைப்பொறுப்பு 67,000. கடைவிலை இதனின் மிகுதலும் உண்டு. ஆதலின் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டே முடிவு செய்தல் வேண்டும்.

மானியம் முன்னதாக வருவதன்று. தகடு வைத்து, மின்வாரியத்தார் இருவழி மீட்டர் பொருத்திச் சோதித்த பின்னரே வங்கிக் கணக்கிற் சேரும். அதுவரை முழுத்தொகைக்கும் வழி வேண்டும். இவ்விடத்திலேதான் நம்மவர் நகையை அடகு வைப்பதும் கந்துவட்டிக்காரரை நாடுவதும் நேரக்கூடும். அது வேண்டா. மூன்று கிலோவாட் வரை ஈடின்றி இரண்டு லட்சம் ரூபாய்க்குள் வங்கிக் கடன் பெற அத்திட்டமே வழி செய்துள்ளது. தொடக்கத்தில் அதன் வட்டி ஆண்டிற்கு ஏறக்குறைய 7 விழுக்காடு.

எல்லோரும் வைக்கவேண்டுமோ என்றால், அன்று என்போம். ஒரு கிலோவாட் நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு யூனிட் தரும். தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டில் இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. எனவே 150 யூனிட்டே செலவிடும் வீட்டார்க்கு மிச்சம் சொற்பம். அவர் கடன் வாங்கித் தகடு வைத்தல் தகாது. 500 யூனிட்டைத் தாண்டி, ஏறிய வீதத்திற் கட்டணம் செலுத்துவோர்க்கே முதல் சில ஆண்டுகளில் திரும்பும்.

பிறிதொன்றும் அறிதல் வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தைத் தாக்கியபோது கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் இருளிற் கிடந்தன. மின்கலம் இல்லாத தகடு அத்தகைய நாளில் விளக்கெரியாது. கம்பியிற் பழுது பார்ப்போர்க்குத் தீங்கு நேராதபடி, வாரிய மின்சாரம் நின்றவுடன் அதுவும் தானே நின்றுவிடும். மின்கலமோ தனிச் செலவு. மேலும் நம் கணவாய்க் காற்றிற்குத் தாங்குமாறு தாங்கு சட்டத்தை உறுதியாகப் பிணித்தல் வேண்டும்; தென்னையின் நிழல் படாத இடமும் வேண்டும்.

சகோதரர்களே! படித்தவர் மானியத்தை எளிதிற் பெறுகின்றனர். விண்ணப்பம் கணினி வழியாதலால், தனித்திருக்கும் முதியோரும் கைம்பெண்களும் இடைத்தரகரை நம்பிப் பணம் இழத்தல் கூடும். ஆகவே நம் சங்கத்து இளைஞர் இருவர், வேண்டுவோர் வீடு சென்று மின்கட்டணச் சீட்டைப் பார்த்துக் கணக்கிட்டு, ஆகுமெனின் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தும், ஆகாதெனின் ஆகாதென்று துணிந்து கூறியும் உதவுதல் வேண்டும். பதிவுபெற்ற வினைஞரே வேலை செய்தல், உள்நாட்டிற் செய்த தகடே வைத்தல், ஐந்தாண்டுப் பராமரிப்பை எழுத்தில் வாங்குதல் ஆகிய மூன்றையும் அவர்கள் கவனிப்பார்களாக.

வீண் செலவைத் தடுப்பது ஒரு தருமம். ஏமாறாமற் காப்பது அதனினும் பெரிய தருமம். இத்தீர்மானத்தைச் சபையோர் ஏற்றருள வேண்டி அமர்கின்றோம்.