ஊர் கூடி இழுக்கும் தேர்: கலைவிழாவும் நகர வாழ்வும்

(வதிவாளர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



செலவுகள் யாவும் சுருக்கப்படும் காலத்தில் கலைவிழாவுக்குப் பொதுப்பணம் ஏன் என்று நம்முள் சிலர் வினவுகின்றனர். நியாயமான வினாவே. இதற்கு விடை தேட, இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹல் நகரை நோக்குவோம்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சினால் பெருஞ்சேதமுற்ற துறைமுக நகரம் அது. 1970களில் ஐஸ்லாந்துக் கடலில் மீன்பிடிக்கும் உரிமை பறிபோனபின் அதன் ஆழ்கடல் மீன்பிடித் தொழிலும் சரிந்தது. தொழிலோடு நகரத்தின் தன்மதிப்பும் தளர்ந்தது. அந்நகரமே 2017ஆம் ஆண்டுக்குரிய ஐக்கிய இராச்சியப் பண்பாட்டு நகரமாகத் தெரிவுசெய்யப்பட்டது.

அவ்வாண்டின் முதல் வாரத்தில், விக்டோரியா அரசி சதுக்கத்துக் கட்டடங்களின் மீது நகரத்தின் எழுபதாண்டு வரலாறு ஒளிக்காட்சியாக விரிந்தது. அதன்பின் அதே சதுக்கத்தில், ஹல் தொழிற்சாலையில் உருவான 75 மீற்றர் நீளக் காற்றாலை இறகொன்று கலைப்பொருளாக வைக்கப்பட்டது. தாம் இழந்தவற்றையும் தம் கைகள் இன்று ஆக்குவனவற்றையும் மக்கள் ஒரே இடத்தில் கண்டனர். 2,000க்கும் மேற்பட்டோர் தன்னார்வத் தொண்டர்களாக முன்வந்தனர்.

விழாவுக்கு வருவோர் உண்பர், தங்குவர், பொருள் வாங்குவர். அதனால் கடைத்தெரு பயன்பெறும். ஆயினும் ஒரு விழா மட்டும் வறுமையை நீக்கிவிடாது. மேடை கழற்றப்பட்டபின் எஞ்சுவது எது என்பதே உண்மையான அளவுகோல். ஹல்லில் தொண்டர் அணி விழா ஆண்டுக்குப் பின்னரும் தொடர்ந்தது. பயிற்சி பெற்ற மனிதரும் அவர்களிடையே வளர்ந்த உறவுமே அந்நகரத்துக்குக் கிடைத்த நிலையான செல்வம்.

இனி நம்மை நோக்குவோம். நம் பிள்ளைகளின் பரதமும் மிருதங்கமும் வாடகை மண்டபங்களின் மூடிய கதவுகளுக்குள் அரங்கேறுகின்றன. அடுத்த வீட்டார் அவற்றை அறியார். அவர்தம் கலையை நாமும் அறியோம். ஒரே தெருவில் பல்லாண்டு வாழ்ந்தும் அந்நியராகவே இருக்கிறோம். பூங்காவிலும் நூலக முற்றத்திலும் நிகழும் கலைவிழா இந்தச் சுவரைத் தகர்க்க வல்லது.

ஆனால் நிகழ்ச்சிநிரல் அச்சாகிய பின் குறைகூறுவதால் பயனில்லை. திட்டமிடும் கூட்டங்களுக்கே வாருங்கள். முதியோர்க்கு ஏற்ற பகல்நேர நிகழ்ச்சிகள், சக்கர நாற்காலி செல்லும் வழி, தமிழில் அறிவித்தல்கள் ஆகியவற்றை அங்கே கேளுங்கள். மேடையில் ஓர் இடம் கேட்பதோடு நில்லாது, நாற்காலி அடுக்கவும் வழிகாட்டவும் முன்வாருங்கள். ஆங்கிலம் சரளமாக வராத தாய்மாருக்கும் அங்கே செய்யப் பணி உண்டு. பணியினூடே மொழியும் வரும், நட்பும் வரும்.

தேர்வடம் பிடிப்பவரிடம் அவர் எந்தத் தெருவினர் என்று எவரும் கேட்பதில்லை. பலர் கை கொடுத்தால்தான் தேர் நகரும். இந்நகரமும் நம் ஊரே; இதன் வடத்திலும் நம் கை இருக்கட்டும்.