உதிர மறுக்கும் உயிரணு
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

கவிதை பேசக் கூடிய அவையில் தமிழாசிரியை உயிரணுவைப் பற்றிப் பேசுவதேன் என நீங்கள் எண்ணக்கூடும். சொல்லே காரணம். உயிரணு தானே ஒழுங்குற மடியும் முறையை 1972-இல் விவரித்த கெர், வில்லி, கரி எனும் மூவர், அதற்குப் பெயர் வேண்டி நாடியது அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக்கை. அவர் தந்த சொல் ‘அப்போப்டோசிஸ்’. மரத்தினின்று இலை உதிர்வதைக் குறிப்பது.

நம்மிடம் அதனினும் நெருங்கிய சொல் உண்டு. ‘வீ’ என்றால் மலர். ‘வீதல்’ என்றால் மடிதல். கருவில் நம் விரல்கள் முதலில் ஒட்டியே இருக்கின்றன. இடைப்பட்ட அணுக்கள் வீந்த பின்னரே அவை பிரிகின்றன. எழுதுகோல் பிடிக்கும் கை அவ்வாறு அமைந்ததே.

இவ்வுதிர்வை ஏவுவனவற்றுள் தலையாயது பி53 எனும் புரதம். 1979-இல் அதனைக் கண்டறிந்தோர் புற்றை வளர்ப்பது என்றே ஐயுற்றனர். தடுப்பது என்று தெளிய 1989 ஆயிற்று. (எத்தனை நல்லவர்க்கு இக்கதி நேர்ந்திருக்கிறது!) டிஎன்ஏ சிதைவுற்றால் பி53 அணுவில் பெருகுகிறது. முதலில் அணுப்பிளவை நிறுத்திச் செப்பனிட நேரம் தருகிறது. செப்பம் இயலாதெனில் பூமா, பாக்ஸ் முதலிய புரதங்களை எழுப்புகிறது. பாக்ஸ், மைட்டோகாண்டிரியாவின் புறச்சவ்வில் துளையிட, சைட்டோகுரோம் சி வெளியே கசிகிறது. அது காஸ்பேஸ் எனும் நொதிகளைத் தூண்ட, அவை அணுவை உள்ளிருந்தே துணிக்கின்றன. சுருங்கிய துண்டுகளை அண்டை அணுக்கள் விழுங்கிவிடுகின்றன, அழற்சியில்லை, ஆரவாரமில்லை. மனிதப் புற்றுகளில் ஏறத்தாழப் பாதியில் இந்தப் பி53 மரபணுவே பழுதுற்றிருக்கிறது. உதிரவேண்டிய அணு உதிர மறுக்கிறது.

நாமோ தீமை எதற்கும் ‘புற்று’ என்று உவமை சொல்கிறோம். நானும் எழுதியவள்தான். என் தமக்கை, மார்பில் கட்டியை உணர்ந்தும் ஓராண்டு வாய்திறவாதிருந்தார். ஏனக்கா என்றேன். “அந்தச் சொல்லை என் வாயால் எப்படியடி சொல்வேன்?” என்றார். அன்றுமுதல் அவ்வுவமையை நான் கையாள்வதில்லை.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கினார். மறுஆண்டு அங்குச் சேர்ந்த, இதே மயிலாப்பூரில் பிறந்த சாந்தா அம்மையார், 2021-இல் மறையும்வரை அந்நோய் பற்றிய அச்சத்தோடும் போராடினார். தொடக்கத்திலேயே வந்தால் குணமாக்கலாம் என்பதே அவர் பேச்சு.

அடுத்த திங்கள் கூட்டத்திற்கு ‘வீ’ என்னும் தலைப்பில் உங்கள் கவிதைகளை வேண்டுகிறேன். புற்று உவமை இல்லாத கவிதைகளாக இருக்கட்டும்.