வீட்டுப்பாடம்: கொடுப்பவருக்கும் உண்டு பாடம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இரவு மணி ஒன்பதரை. வீவக வீடொன்றின் சாப்பாட்டு மேசை. தட்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தொடக்கநிலை 4இல் படிக்கும் பையன் தமிழ்ப் பயிற்சித்தாளை விரித்து வைத்திருக்கிறான். பத்துச் சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் அமைக்க வேண்டும். ஆறு வாக்கியம் எழுதி முடிப்பதற்குள் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. விடிந்தால் வேலைக்குப் போக வேண்டிய அம்மா, "நான் சொல்றேன், நீ எழுது" என்கிறார். மீதி நான்கும் அம்மாவின் வாக்கியங்கள். அவற்றில் ஒன்றில் பிழை. மூன்று நாள் கழித்துத் தாள் திரும்பி வருகிறது. பத்துக்குப் பத்து. அடியில் ஒரு கையெழுத்து, ஒரு தேதி. பிழையான வாக்கியத்துக்கும் சரி போடப்பட்டிருக்கிறது.

அன்றைக்கு அந்தப் பையன் கற்றுக்கொண்டது என்ன? வாக்கியம் அமைப்பதையா? இல்லை. 'தாள் நிறைந்தால் போதும், யாரும் படிக்கப் போவதில்லை' என்பதைத்தான் கற்றுக்கொண்டான். இந்தப் பாடத்தை யாரும் திட்டமிட்டு நடத்தவில்லை. ஆனால் மற்றப் பாடங்களைவிட இதுதான் ஆழமாகப் பதியும்.

இன்னொரு காட்சியையும் பாருங்கள். முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெரியவர் ஒருவர், இயன்முறைச் சிகிச்சையாளர் முன் உட்கார்ந்திருக்கிறார். சென்ற முறை எட்டுப் பயிற்சிகள் அச்சடித்த தாளைக் கொடுத்து, நாளுக்கு மூன்று வேளை செய்யச் சொல்லியிருந்தார்கள். "அங்கிள், பயிற்சியெல்லாம் செஞ்சீங்களா?" "செஞ்சேன்மா." கேள்வியும் முடிந்தது, பதிலும் முடிந்தது. அந்தத் தாளோ இரண்டு வாரமாகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தத்துக்கு அடியில் அசையாமல் இருக்கிறது. கால் மடங்க மறுக்கிறது.

வயதில் ஐம்பது ஆண்டுகள் வித்தியாசம் இருந்தாலும் இருவருக்கும் நேர்ந்தது ஒன்றுதான். வேலை கொடுக்கப்பட்டது. ஆனால் கொடுத்தவர் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் இருவரும் சிறு பொய் ஒன்றைச் சொல்லிப் பழகினார்கள்.

'வீட்டுப்பாடம் தேவையா, தேவையில்லையா?' என்ற பட்டிமன்றம் மிகப் பழையது. அதற்குத் தீர்ப்புச் சொல்வது இன்றைய நோக்கமன்று. எவ்வளவு படித்துப் பதில் சொல்ல முடியுமோ அவ்வளவுதான் வீட்டுப்பாடம் கொடுக்க வேண்டும். இன்றைய உரையின் கருத்து இது ஒன்றே.

பழைய வழக்கு

1905இல் இத்தாலிய ஆசிரியர் ஒருவர் வீட்டுப்பாடத்தைத் தண்டனையாகக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை இணையத்தில் உலவுகிறது. அது வெறும் கதைதான். அதற்கு முன்பே, 1901இல், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 15 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சட்டம் போட்டது. 1917இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அண்மையில், 2021இல், சீனா தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு எழுத்து வீட்டுப்பாடம் கூடாது என்றும், மற்றத் தொடக்கநிலை மாணவர்களுக்கு 60 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்றும் விதித்தது. ஆக, தடை போடுவதும் தளர்த்துவதும் நூறாண்டுகளுக்கு மேலாக நடந்துவருகின்றன.

சிங்கப்பூர் நிலவரம் என்ன? 2012ஆம் ஆண்டின் பீசா அனைத்துலக ஆய்வின்படி, இங்குள்ள 15 வயது மாணவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 9.4 மணி நேரம் வீட்டுப்பாடம் செய்தார்கள். ஓஇசிடி நாடுகளின் சராசரி ஏறத்தாழ 5 மணி நேரம். துணைப்பாட வகுப்புக்குப் போய்வரும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு பிள்ளையின் மாலைப்பொழுதில் என்ன மிஞ்சும் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

அமெரிக்கப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய குழுவினரும், பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உயர்நிலைப்பள்ளி வயதில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் நல்ல தொடர்பு தெரிகிறது. தொடக்கப்பள்ளி வயதில் அந்தத் தொடர்பு மிக வலுவற்றது என்பதே அந்த முடிவு. எனவே சிறு பிள்ளைகளிடம் அளவைக் கூட்டுவதில் பெரிய பயனில்லை. தரத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்தத் தரம் மூன்று இடங்களில் அமைகிறது: உருவாக்கும் இடம், கொடுக்கும் இடம், திருத்தும் இடம்.

உருவாக்கும்போது

வீட்டுப்பாடம் தயாரிப்பவர் முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'இந்தத் தாள் திரும்பி வரும்போது, இந்தப் பிள்ளையைப் பற்றி இன்றைக்குத் தெரியாத எது தெரியவரும்?' இதற்குப் பதில் இல்லையென்றால் அந்தத் தாள் தேவையில்லை.

முப்பது வகுத்தல் கணக்குகளைக் கொடுக்கிறோம். வகுக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஐந்தே போதும். தெரியாத பிள்ளையோ அதே தவற்றை முப்பது முறை செய்து, அதை நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டு வருகிறது.

தமிழ் வீட்டுப்பாடத்தில் இன்னும் பெரியது ஒன்று அடங்கியிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். அத்தகைய வீட்டில், அன்றைய மாலையில் நுழையும் ஒரே தமிழ் அந்தப் பயிற்சித்தாளாகக்கூட இருக்கலாம். அது பாட்டியைப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைக்கலாம். அல்லது, 'தமிழ் என்றால் தூக்கத்தைக் கெடுக்கும் தாள்' என்று பிள்ளையை நினைக்க வைக்கலாம்.

2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத் தமிழுக்கு முக்கியத்துவம் தரப் பரிந்துரைத்தது. அந்த நோக்கத்துக்கு ஏற்ற வீட்டுப்பாடம் எப்படி இருக்கும்? "பாட்டி சின்ன வயதில் விரும்பிச் சாப்பிட்ட பலகாரம் எது, அதை எப்படிச் செய்வார்கள் என்று கேட்டுவிட்டு வா. நாளைக்கு வகுப்பில் ஒரு நிமிடம் சொல்" என்று கொடுக்கலாம். பாட்டி இல்லாத வீட்டுப் பிள்ளை, பக்கத்து வீட்டு அம்மாவிடமோ தேக்காவில் காய்கறி விற்பவரிடமோ கேட்கலாம். இதில் கோடிட்ட இடம் கிடையாது. அம்மா எழுதிக் கொடுக்கவும் வழி கிடையாது.

2022 நவம்பரில் சேட்ஜிபிடி வந்த பிறகு இது இன்னும் அவசரமான கேள்வியாகிவிட்டது. ஒரு கட்டுரையைச் சில நொடிகளில் கருவி எழுதித் தந்துவிடுகிறது. யார் எழுதியது என்று துப்பறிவதில் ஆசிரியரின் நேரம் போகிறது. ஆனால், எழுதியதைப் பற்றி மறுநாள் இரண்டு கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்தால், மாணவன் தானாகவே படித்துவிட்டு வருவான். திருத்தப்படாத வீட்டுப்பாடம் இருக்கும் இடத்தில்தான் கருவிக்கு வேலை அதிகம்.

கொடுக்கும்போது

மணி அடிக்கிறது. பிள்ளைகள் பையைத் தூக்குகிறார்கள். அந்த இரைச்சலில், "பக்கம் 42, 43 செய்துவிட்டு வாருங்கள்" என்று ஒரு குரல். பெரும்பாலான வீட்டுப்பாடம் இப்படித்தான் பிறக்கிறது. எதற்காக என்பதும் தெரிவதில்லை, எப்படி என்பதும் தெரிவதில்லை. பாடம் முடிவதற்கு ஐந்து நிமிடம் முன்பே கொடுத்து, முதல் கேள்வியை வகுப்பிலேயே செய்யச் சொன்னால், புரியாத பிள்ளை யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இரவு ஒன்பதரைக்கு அம்மாவின் தலையில் அது விடியாது.

நேர அளவும் முக்கியம். வகுப்புக்குப் பத்து நிமிடம், அதாவது மூன்றாம் வகுப்புக்கு முப்பது நிமிடம் என்ற எளிய கணக்கைக் கூப்பரும் ஆதரிக்கிறார். அது எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்துத்தான். கணித ஆசிரியர் அரை மணி, அறிவியல் ஆசிரியர் அரை மணி, தமிழாசிரியர் அரை மணி என்று தனித்தனியே கொடுத்தால், ஒருவரும் அதிகமாகக் கொடுக்கவில்லை. ஆனால் பிள்ளைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அன்றைக்குக் கொடுத்ததை எல்லா ஆசிரியரும் வகுப்புப் பலகையின் ஒரே மூலையில் எழுதி வைத்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

இந்த இடத்தில், பள்ளி ஆசிரியர்கள் மனநல ஆலோசகர்களிடம் கற்றுக்கொள்ளலாம். மனச்சோர்வுக்கான சிகிச்சை பற்றி ஏரன் பெக் 1979இல் மற்ற ஆய்வாளர்களுடன் சேர்ந்து எழுதிய நூலிலேயே, சிகிச்சை பெறுபவருக்கான வீட்டுப்பாடம் முக்கிய அங்கமாக இடம்பெற்றது. மனத்தில் எழும் எண்ணங்களை ஒரு தாளில் குறித்துவரச் சொல்வது அதில் ஒரு வகை. அம்முறையில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள், வேலையைத் தாங்களாக விதிப்பதில்லை. வந்தவருடன் பேசி முடிவு செய்கிறார்கள். "இதைச் செய்வீர்கள் என்பதில் உங்களுக்கு எத்தனை விழுக்காடு நம்பிக்கை?" என்று கேட்கிறார்கள். ஐம்பது என்றால் திட்டுவதில்லை. வேலையைச் சின்னதாக்குகிறார்கள்.

முழங்கால் பெரியவருக்கும் இதே மருந்துதான். எட்டுப் பயிற்சிக்குப் பதில் இரண்டு. அந்த இரண்டையும் அங்கேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்ல வேண்டும். "அங்கிள், காலையில தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்கிறவரைக்கும் இதைச் செய்யுங்க, போதும்" என்றால் அது நினைவில் நிற்கும். நாளுக்கு மூன்று வேளை என்பது தாளோடு நின்றுவிடும்.

திருத்தும்போது

ஆசிரியர்மீது மட்டும் பழி போடுவது நியாயமன்று. நான்கு வகுப்பு, வகுப்புக்கு 25 பேர் என்றால் நூறு ஏடுகள். ஓர் ஏட்டுக்கு மூன்று நிமிடம் என்றால் 300 நிமிடம். ஐந்து மணி நேரம்! வாரம் மூன்று முறை வீட்டுப்பாடம் கொடுத்தால் பதினைந்து மணி நேரம். கற்பித்தல், கூட்டம், இணைப்பாட நடவடிக்கை எல்லாம் போக இந்த நேரம் எங்கிருந்து வரும்? படிக்காமல் போடும் 'சரி' சோம்பலில் வருவதன்று, இந்தக் கணக்கில் வருவது. ஆகவே குறைக்க வேண்டியது திருத்தும் கவனத்தை அன்று, கொடுக்கும் அளவைத்தான்.

என்ன எழுதித் திருத்துவது? இஸ்ரேலிய மாணவர்களிடையே ரூத் பட்லர் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வு சிந்திக்கத்தக்கது. ஒரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும் தரப்பட்டது. ஒரு பிரிவினருக்கு எழுத்துக் குறிப்பு மட்டும். இன்னொரு பிரிவினருக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்களிடம்தான் ஆர்வமும் தேர்ச்சியும் சிறந்து விளங்கின. இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே பின்தங்கினார்கள். மதிப்பெண்ணைப் பார்த்த கண், குறிப்பைப் பார்ப்பதில்லை போலும்.

தேர்வுக்கு மதிப்பெண் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் வீட்டுப்பாடம் தேர்வன்று, பயிற்சி. சிங்கப்பூரில் தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு 2019 முதல் மதிப்பெண் தேர்வுகள் நீக்கப்பட்டன. 2023 முதல் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி அனைத்திலும் அரையாண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டன. தேர்வு குறையக் குறைய, பிள்ளையின் நிலையைக் காட்டும் கண்ணாடியாக அன்றாட வேலைதான் மிஞ்சுகிறது. அந்தக் கண்ணாடியில் வெறும் 'சரி'யைப் பூசி மறைக்கலாமா?

பக்கம் முழுவதும் சிவப்பு மை வேண்டாம். ஒரு தாளுக்கு ஒரு குறிப்புப் போதும். "வினைமுற்றைப் பார். 'அவர்கள்' வந்தால் முடிவு எப்படி மாறும்?" என்று ஒரு வரி. அதைப் படித்துத் திருத்தி எழுத வகுப்பில் ஐந்து நிமிடம் தர வேண்டும். திருத்தி எழுத நேரம் தராத குறிப்பு, முகவரி இல்லாத கடிதம்.

சிகிச்சை பெற வருபவருக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் மதிப்பீடு உண்டு. அடுத்த சந்திப்பில், முதல் சில நிமிடங்களிலேயே சென்ற வார வேலையை எடுத்துப் பார்க்க வேண்டும். "செஞ்சீங்களா?" என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்று மட்டுமே பதில் வரும். "எந்த நாள் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டால் உண்மை வரும். 'செய்யவில்லை' என்பதும் ஒரு தகவல்தான். வலித்ததா, மறந்ததா, பயமா என்று தெரிந்தால்தான் அடுத்த வேலையைச் சரியாகக் கொடுக்க முடியும்.

பெற்றோர் செய்யக்கூடியது

இறுதியாக, அந்தச் சாப்பாட்டு மேசைக்கே திரும்புவோம். 2020 ஏப்ரல் 8 முதல் நோய்ப்பரவல் காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தபோது, அன்றாட வேலையில் தங்கள் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பதைப் பல பெற்றோர் நேரில் கண்டார்கள். அப்படிக் கண்டதை ஆசிரியரிடம் சொல்வதுதான் பெற்றோரின் பங்கு. மறைத்து நிரப்புவது அன்று.

"நான் சொல்றேன், நீ எழுது" என்று அம்மா சொன்னது பாசத்தால்தான். ஆனால் அதனால் ஆசிரியருக்குக் கிடைக்க வேண்டிய செய்தி கிடைக்காமல் போனது. அதற்குப் பதிலாக, ஆறாவது வாக்கியத்தோடு நிறுத்திவிட்டு, தாளின் ஓரத்தில் இப்படி எழுதலாம்: 'ஆறு வாக்கியங்களை அவனே எழுதினான். நாற்பது நிமிடம் ஆயிற்று. மீதிச் சொற்களுக்குப் பொருள் தெரியவில்லை. தூங்க அனுப்பிவிட்டேன்.'

மறுநாள் அந்தத் தாளை எடுக்கும் ஆசிரியருக்கு, எந்த நான்கு சொற்களை மறுபடி கற்பிக்க வேண்டும் என்பது உடனே தெரியும். பத்துக்கு ஆறு வாக்கியங்கள்தான். ஆனால் ஆறும் உண்மையான வாக்கியங்கள். அவற்றைப் படித்து ஒரு வரி பதில் எழுதினால், தான் எழுதியதை ஒருவர் படிக்கிறார் என்று அந்தப் பையனுக்கும் தெரிந்துவிடும். ஏழாவது வாக்கியத்தை அவனே எழுதுவான்.