மேசைமேல் வைத்த பீக்கர்



இளநிலை மாணவர்களின் ஆய்வரங்குக்குத் தலைமை தாங்க அழைத்தபோது, ஆய்வுச் சுருக்கங்கள் முழுவதையும் அனுப்புங்கள் என்று கேட்டு வாங்கிப் படித்தேன். பாதிக்கு மேல் கேள்வித்தாள் ஆய்வுகள். இன்ன நோயைப் பற்றி இன்னாருக்கு எவ்வளவு தெரியும் என்பவை. அதைக் குறை சொல்ல மாட்டேன். கையில் இருப்பது விடுமுறையில் இரண்டு மாதம், அதிலும் எதிக்ஸ் கமிட்டிக்கு ஒரு பங்கு போய்விடுகிறது. என்னை உறுத்தியது வேறு. அத்தனை சுருக்கங்களில் ஒன்றுகூட, வழிகாட்டி எதிர்பார்த்ததற்கு மாறாக எதையும் சொல்லவில்லை.

ஜே மெக்லீன் என்ற மாணவரின் கதையைச் சொல்கிறேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் முதலில் இடம் மறுக்கப்பட்டும் பால்டிமோருக்கு ரயிலேறிவிட்டவர். ஓர் இடம் காலியாக இருந்ததால் உள்ளே நுழைந்தார். உடலியங்கியல் பேராசிரியர் வில்லியம் ஹோவெல்லிடம் போய், ஓராண்டில் நான் தனியாக முடிக்கக்கூடிய ஒரு வேலை கொடுங்கள் என்றார். ஹோவெல் கொடுத்தது எளிய வேலைதான். இரத்தத்தை உறைய வைக்கும் பொருளை மூளைத் திசுவிலிருந்து பிரித்து, அது எவ்வளவு தூய்மையானது என்று பார்க்க வேண்டும். மெக்லீன் இதயம், கல்லீரல் ஆகியவற்றிலிருந்தும் சாறு எடுத்தார். வீணாக்காமல் எடுத்துவைத்து, நாள்பட நாள்படச் சோதித்தார். கல்லீரல் சாறு உறைய வைக்கும் ஆற்றலை இழந்தது. பிறகு இரத்தம் உறைவதையே தடுத்தது!

ஹோவெல் நம்பவில்லை. மெக்லீன் வாதாடவும் இல்லை. ஒரு சிறு பீக்கரில் பூனையின் இரத்தத்தை எடுத்து, அந்தச் சாற்றைக் கலந்து, பேராசிரியரின் மேசைமேல் வைத்தார். இது உறைந்ததும் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அது உறையவே இல்லை. இப்படித்தான் பின்னாளில் அவரே எழுதிவைத்தார்.

இது நடந்தது 1916-இல். மெக்லீன் கண்டதும் இன்று நாம் ஊசியில் ஏற்றும் ஹெப்பாரினும் ஒரே பொருள் அல்ல. எம்மெட் ஹோல்ட் என்ற இன்னொரு மாணவருடன் இந்த ஆய்வைத் தொடர்ந்து, நீரில் கரையும் பொருளைப் பின்னர்ப் பிரித்தெடுத்தவர் ஹோவெல். கல்லீரலின் கிரேக்கப் பெயரைக் கொண்டு ஹெப்பாரின் என்று பெயரிட்டதும் ஹோவெல்தான். பெருமை யாருக்கு என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. அது நமக்கு வேண்டாம். டயாலிசிஸ் வார்டுக்குப் போய்ப் பாருங்கள், குழாயில் இரத்தம் கட்டாமல் ஓடுவதற்குப் பெரும்பாலும் அந்த மருந்துதான் காரணம்.

அதை மனிதருக்குத் தரும் அளவுக்குத் தூய்மையாக்கும் வேலையை 1930-களில் டொராண்டோவில் முன்னின்று நடத்தியவர் சார்லஸ் பெஸ்ட். ஆம், இன்சுலின் பெஸ்ட்தான். 1921-இல் பட்டப்படிப்பை முடித்த கையோடு, இன்சுலினைத் தேடிய பேண்டிங்குக்கு உதவியாளாக முதலில் யார் போவது என்று நண்பருடன் காசு சுண்டிப் பார்த்து ஆய்வுக்கூடத்துக்குள் போனவர். ஆனால் ஒன்று: 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்ப்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குப் போட்ட முதல் ஊசி தோற்றது. காலிப் என்ற உயிர்வேதியியலாளர் சாற்றைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகே, சில நாள் கழித்துப் போட்ட மருந்து பலித்தது. மாணவர் தனியாளாக உலகை மாற்றினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்சுலின் என்றதும் என் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோய்ப் புறநோயாளிகள் பிரிவில் ஓர் அம்மாவுக்கு நான் இன்சுலின் அளவைக் கூட்டிக்கொண்டே போனேன். சர்க்கரை இறங்கவில்லை. இன்சுலின் எதிர்ப்பு என்று சீட்டில் எழுதினேன். என்னிடம் புராஜெக்ட் செய்த இரண்டாம் ஆண்டு மாணவி, மருந்தை எங்கே வைக்கிறார்கள் என்று கேட்பதற்காக அவர் வீட்டுக்குப் போனாள். கேட்டதோடு நிற்காமல், ஊசி போட்டுக் காட்டுங்கள் பாட்டி என்றாள். புட்டியில் மில்லிக்கு 40 யூனிட். கையில் இருந்ததோ ஆரஞ்சு மூடி போட்ட, 100 யூனிட் மருந்துக்கான சிரிஞ்ச். நான் எழுதிய 20-ஐ அந்த அம்மா 20 என்ற கோடு வரை ஒழுங்காக இழுத்தார். உடம்புக்குள் போனது 8. மறுநாள் அந்தச் சிரிஞ்சை என் மேசைமேல் வைத்துவிட்டு அவள் பேசாமல் நின்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது, வெட்கம் அப்புறம் வந்தது.

புதிய சிகிச்சை என்றால் புதிய மூலக்கூறு என்று நினைக்கிறீர்கள். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் புது மருந்து எதையும் தேடவில்லை. சானடோரியத்தில் படுத்து மாத்திரை சாப்பிடுபவரும் வீட்டிலிருந்தே சாப்பிடுபவரும் ஒரே அளவில் குணமாகிறார்களா என்று பார்த்தது. கிட்டத்தட்ட ஒரே அளவுதான் என்று தெரிந்ததும், உலகம் முழுவதும் சானடோரியக் கட்டில்களின் தேவை குறைந்தது. அந்த அம்மாவின் சிரிஞ்சும் இந்த வகைக் கேள்விதான்.

நோயாளிகளிடம் ஒரு சிகிச்சையைச் சோதிப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்துவிடுங்கள். எதை அளக்கப் போகிறீர்கள் என்று முன்கூட்டி எழுதிவிட்டால், பிறகு முடிவுக்கேற்பக் கேள்வியை யாருக்கும் தெரியாமல் மாற்ற உங்கள் வழிகாட்டியாலும் முடியாது.

அமைப்பாளர்களிடம் ஒரு சலுகை கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு கட்டுரைக்குப் பிறகும் முதல் ஐந்து நிமிடம் மாணவர்கள் மட்டுமே கேள்வி கேட்கலாம். பேராசிரியர்கள், என்னையும் சேர்த்து, அதுவரை வாய் திறக்கக் கூடாது. முதல் அமர்வின் முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.